மூணாவது ஓலை

தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருதியளா? வேண்டாம் வேண்டாம், சன்னலோரம் நீங்களே இருங்க. இந்தத் தூக்குச்சட்டிய மடியில வச்சிக்கிட எடம் இருந்தாப் போதும் எனக்கு. மூடி கடகடன்னு ஆடுதேன்னு பாக்காதிய, ரோடு அப்படி. சாத்தான்குளத்துல ஏறினா உடன்குடி போற வரைக்கும் இந்த ஆட்டந்தான். நீங்க உடன்குடிக்கா? நல்லது. நான் அதுக்கு முன்னாடியே தேரிவிளைக்குப் பாதை பிரியுத விலக்குல எறங்கிருவேன். எறங்கணும்.

கண்டக்டர் என்னப் பாத்து எதுக்குச் சிரிக்காருன்னா, அது அவரு சுபாவம். நல்ல மனுசன். டிக்கெட்டுல்லாம் எடுத்தாச்சு, பையில நெறயக் கெடக்கு.

வாசனை வருதோ? ஆட்டுக்கறி. எங்க ஊரு நன்றிபுரம் கோயில்ல இன்னைக்கு அசனம். அசனம் தெரியும்லா உங்களுக்கு? நெத்தியில திருநீறு பாத்தேன், அதான் கேக்கேன். சாப்பிட்டிருக்கியளா? எங்க ஊர்லயேவா? எப்ப, போன வருசமா? சரி, சரி. அதப் பெறகு பேசுவோம்.

சாப்பிட்டவருக்கு நான் சொல்ல வேண்டாம். வருசத்துக்கு ஒருக்க, பண்டிகை முடிஞ்ச மறுநாளு, கோயில் பந்தல்ல எல்லாரும் வரிசையா உக்காந்து ஒரே சோறு, ஒரே கறி. கிறிஸ்தவனா இந்துவா, உள்ளூரா வெளியூரான்னு கேக்கக் கூடாது. வந்தவனுக்கு இலை போடணும். எங்க தாத்தா காலத்துல இருந்து அதான் வழக்கம். அந்த வழக்கத்தத்தான் இந்த வருசம் நான் மாத்தினேன். எம் பேரு ஞானசிகாமணி. முப்பத்தி நாலு வருசம் வாத்தியார், கடைசி பன்னெண்டு வருசம் ஹெட்மாஸ்டர். இப்ப சபைக் கமிட்டி செயலாளர்.

எதுக்கு மாத்தினேன்னு கேளுங்க. போன வருசம் நீங்க வந்திருந்தியல்லா, மழை பேஞ்சது ஞாபகம் இருக்கா? மழையில பாதி சனம் வரல. ஒரு அண்டா சோறு, முழு அண்டா, மிஞ்சிப் போச்சு. மறுநாளு கோயிலுக்குப் பொறத்தால குழி வெட்டிக் கொட்டினோம். நான் நின்னு பாத்தேன் தம்பி. நான் சாக்பீஸக்கூட நகக்கண்ணு அளவு தேயுத வரைக்கும் எழுதினவன்.

அந்த நேரத்துலதான் பாளையங்கோட்டையில மூணு நாளு வேத வகுப்புக்குப் போனேன். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருத்தர் வந்திருந்தாரு. கரும்பலகையில படம்லாம் போட்டு வெளக்கினாரு. எனக்கு அதுவே பிடிச்சுப் போச்சு. அவரு கேட்டது ஒரே கேள்விதான். இயேசு சிலுவையில பிராயச்சித்தம் பண்ணினாரே, அது யார் யாருக்கு? உலகத்துல உள்ள அத்தன பேருக்குமா, இல்ல, ஆண்டவர் அநாதியிலயே தெரிஞ்சு வச்சிருக்காரே, அந்தக் கொஞ்சப் பேருக்கு மட்டுமா? நாங்க எல்லாரும் என்ன சொன்னோம், எல்லாருக்குந்தான்னு சொன்னோம். அவரு சிரிச்சாரு. அப்பம் எல்லாரும் மோட்சத்துக்குப் போயிருவாங்களான்னாரு. போக மாட்டாங்கன்னோம். போகாதவனுக்குச் சிந்தின ரத்தம் என்னாச்சு, வீணாப் போச்சான்னாரு. ஆண்டவர் எதையும் வீணாக்க மாட்டாரு, கச்சிதமா இத்தன பேருன்னு குறிச்சு, அத்தன பேருக்குத்தான் செத்தாருன்னு முடிச்சாரு பாருங்க, எனக்கு அந்தக் குழியில கொட்டின சோறுதான் கண்ணு முன்னால வந்துச்சு.

கோவிச்சுக்கிடாதிய தம்பி. நீங்க அந்தக் கணக்குல வருவியளா மாட்டியளான்னு எனக்குத் தெரியாது. அது ஆண்டவருக்குத்தான் தெரியும். பாத்தா நல்ல பிள்ளையாத்தான் இருக்கிய.

அடுத்த கமிட்டியில பேச்ச எடுத்துட்டேன். இந்த வருசம் அசனத்துக்குச் சீட்டு. பட்டியல்ல பேரு இருக்கவனுக்குச் சீட்டு, சீட்டு இருக்கவனுக்கு இலை, அந்த அளவுக்குத்தான் அரிசி. எங்க ஐயருக்கு, நாங்க பாஸ்டர ஐயர்னுதான் சொல்லுவோம், அவியளுக்கு இது பிடிக்கல. சின்ன வயசு ஐயர். "வாத்தியாரே, கிறிஸ்து எல்லாருக்காகவுந்தான் மரிச்சாரு. வேண்டாம்னு போறவன் போவட்டும், பலன் ஏத்துக்கிடுதவனுக்கு. ஆனா பந்தி எல்லாருக்கும் உண்டு"ன்னாவ. நான் விடுவனா? "ஐயரே, அப்பம் மிஞ்சினா?"ன்னேன். "மிஞ்சினா மிஞ்சிட்டுப் போவுது"ன்னாவ. படிச்ச மனுசன் பேசுத பேச்சா இது? மிஞ்சினா மிஞ்சிட்டுப் போவுதாம். ஆண்டவரோட ரத்தத்தையும் அப்படிச் சொல்லுவியளான்னு கேட்டேன். அதுக்கு அவிய, "ஆமா வாத்தியாரே, அதத்தான் சொல்லுதேன்"னாவ. நான் பேனாவ மூடி வச்சிட்டேன். ஓட்டுக்கு விட்டோம், நான் ஜெயிச்சேன். குழி வெட்டினவங்க எல்லாரும் என் பக்கம்.

பட்டியல் எழுத எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. சபைப் பதிவேட்ட வச்சிக்கிட்டு வீடு வீடா எழுதினேன். கோயிலுக்கே வராதவன் பேரெல்லாம் விட்டேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வர்றவன் பேர யோசிச்சு எழுதினேன். சீட்டுல பேரு, நம்பரு, கீழ என் கையெழுத்து. அதுக்கும் கீழ ரெண்டு விதி அச்சடிச்சேன். ஒரு சீட்டுக்கு ஒரு இலை. அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது. சமையல் ஆளுகளுக்கு மட்டும் எட்டு சீட்டுல கையெழுத்தப் போட்டு, பேர நீங்களே எழுதிக்கிடுங்கன்னு சமையல் மாஸ்டர் தங்கப்பழத்துகிட்ட குடுத்துட்டேன். அவரு யார் யாரக் கூட்டிட்டு வருவாருன்னு எனக்கென்ன தெரியும்?

யோசிக்காமலே விட்ட பேரு ஒண்ணு இருக்கு. என் தம்பி அருமைநாயகம்.

இருக்கான், இருக்கான். கல்லு மாதிரி இருக்கான். இந்தா தேரிவிளையிலதான் இருக்கான். பத்தொம்பது வருசமாப் பேச்சுவார்த்த இல்ல. எதுக்குன்னு கேக்குதியளா? சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்கள்ல கல்யாணம்னா மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல ஓலை வாசிப்பாவ. ஓலைன்னா பனை ஓலை இல்ல, அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்னு ஐயர் வாசிப்பாவ. யாரும் சொல்ல மாட்டாவ. நான் பொறந்ததுல இருந்து ஒருத்தரும் சொல்லிப் பாத்தது கெடையாது. அது ஒரு சடங்கு, அம்புட்டுத்தான். எங்க அப்பா போன பெறகு அவனுக்கு எல்லாம் நான்தான். ஒரு ஹெட்மாஸ்டர் மகளப் பாத்துப் பேசி முடிச்சேன். தங்கமான பிள்ள. மொத ஓலை வாசிச்சாச்சு. ரெண்டாவது ஓலையும் வாசிச்சாச்சு. பத்திரிகை குடுத்தாச்சு, சொந்தக்காரங்க பாதி பேரு வந்து எறங்கியாச்சு. மூணாவது ஞாயிறு. அப்ப இருந்த ஐயர் வாசிச்சு முடிச்சு கண்ணாடியக் கழட்டப் போறாவ, இவன் எந்திரிச்சான். "ஐயரே, எனக்கு ஆட்சேபணை இருக்கு"ன்னான்.

ஐயர் பயந்துட்டாவ. "எலே, நீதானடே மாப்பிள்ளை"ன்னாவ. "அதனாலதான் சொல்லுதேன்"னான்.

கோயிலே சிரிச்சுது தம்பி. நான் மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கேன். பொண்ணோட அப்பா எனக்குப் பக்கத்துல. இவன் கையில பாட்டுப் புஸ்தகம் இருந்துது, அது படபடபடன்னு ஆடிக்கிட்டே இருக்கு. எனக்கு அது இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்கி. எம்புட்டுத் திமிரு இருந்தா சபைக்கு நடுவுல புஸ்தகத்த ஆட்டிக்கிட்டு நிப்பான்? தேரிவிளையில முத்துலட்சுமின்னு ஒரு பிள்ள, தறி நெய்யுத வீட்டுப் பிள்ள, அவள ரெண்டு வருசமா விரும்பினானாம். பெறகு அவளையே கெட்டிக்கிட்டு அங்கயே போயிட்டான். மொத ஓலையிலயே சொல்லியிருக்கலாம்லா? ரெண்டாவதுல சொல்லியிருக்கலாம்லா? வீட்டுல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? சரி, நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

அந்த ஹெட்மாஸ்டர் மக இப்ப பெங்களூர்ல நல்லா இருக்கு. ரெண்டு பிள்ளைக. அது வேற விசயம்.

நான் மன்னிக்காதவன் இல்ல தம்பி, தப்பா நெனைக்காதிய. பல தடவை மன்னிக்கணும்னு ஜெபம் பண்ணியிருக்கேன். அவன் முகம் வந்தா ஜெபம் நின்னு போவும். அந்த வேத வகுப்புக்குப் போன பெறகுதான் எனக்கு மனசுல சமாதானம் வந்துச்சு. அவன் பேரே அந்தப் பட்டியல்ல இல்லன்னா? ஆண்டவரே குறிக்காத ஆள நான் என்ன மன்னிக்க? அநாதியிலயே முடிஞ்சு போன காரியம். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

இப்ப இன்னைக்கு நடந்ததக் கேளுங்க. நான் எறங்குததுக்குள்ள முடிச்சிருதேன்.

பன்னெண்டு மணிக்கு ஜெபம் முடிஞ்சு மொத பந்தி. பந்தல் வாசல்ல சாமுவேல்துரைய நிறுத்தியிருந்தேன். மிலிட்டரியில இருந்து வந்தவன், எங்கிட்ட அஞ்சாம் வகுப்பு படிச்சவன், சொன்னாச் சொன்னதுதான். வேலிக்கு வெளிய ஒரே கூட்டம், சீட்டு இல்லாதவங்க. நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. என் வீட்டுக்காரி ஜெயசீலி முன்னால போனா, சீட்டக் காட்டினா, உள்ள போயிட்டா. நான் பின்னால போறேன், சாமுவேல்துரை கைய நீட்டுதான்.

"சார், சீட்டு"ன்னான்.

நான் பைக்குள்ள கைய விட்டேன். அப்பந்தான் தம்பி எனக்கு ஒறைக்கி. நான் என் பேர எழுதவே இல்ல.

சிரிக்காதிய. முப்பத்தி நாலு வருசம் அட்டெண்டன்ஸ் எடுத்தவன் நான். அட்டெண்டன்ஸ்ல வாத்தியார் பேரு எங்கயாவது இருக்குமா? கூப்பிடுதவன் பேரு அதுல வராது. அந்தப் பழக்கத்துல ஊரு முழுக்க எழுதினேன், பொண்டாட்டி பேர எழுதினேன், என்ன விட்டுட்டேன். "எலே, நான் எழுதின பட்டியல்லே"ன்னேன். "தெரியும் சார். ஐயரே வந்தாலும் சீட்டு இல்லாம விடாதன்னு நேத்து நீங்கதான சொன்னிய"ன்னான். சொன்னேன்தான். பெருமையாத்தான் இருந்துச்சு, எம் பிள்ள விதிய மதிக்கான்னு. ஆனா எனக்குப் பின்னால பதினஞ்சு பேரு சீட்டோட நிக்காவ. வேலிக்கு அந்தப் பக்கம் உள்ளவங்க வேற பாத்துட்டாவ. ஒருத்தன் "வாத்தியாரே, எங்க பக்கம் நெழல் இருக்கு, வாங்க"ன்னான். ஜெயசீலியப் பாத்தேன். அவ இலைக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, "எனக்குச் சோறு வச்சாச்சுங்க, எந்திரிக்கக் கூடாது"ன்னா. பொம்பளைக்குச் சிரிப்பு அடங்கல.

அப்ப பக்கவாட்டுல இருந்து ஒரு கை நீண்டுது. கையெல்லாம் கரி. அதுல ஒரு சீட்டு. "அண்ணே, எனக்குப் பசியில்ல"ன்னு ஒரு கொரலு.

அவன்தான். தங்கப்பழம் மாஸ்டர்கிட்ட அடுப்பு வேலைக்கு வந்திருக்கான். காலையில அஞ்சு மணியில இருந்து அங்கனதான் வெறகு தள்ளிக்கிட்டு இருந்திருக்கான், நான் கவனிக்கல. நான் கையெழுத்துப் போட்ட அந்த எட்டுல ஒண்ணு அவனுக்குப் போயிருக்கு. பத்தொம்பது வருசம் கழிச்சு அவன் எங்கிட்ட பேசின மொதப் பேச்சு தம்பி, எனக்குப் பசியில்ல.

சீட்டப் பாத்தேன். அருமைநாயகம்னு எழுதியிருந்ததக் கரிக்கட்டியால அடிச்சு, மேல என் பேர எழுதியிருக்கான். எழுத்தப் பாருங்க, இந்தா பையில வச்சிருக்கேன். சிகாமணிக்கு எடம் பத்தாம ஓரத்துல எறக்கி எழுதியிருக்கான். சின்னதுலயே அப்படித்தான், வரியில நிக்காது கை. நான்தான் எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தேன் அவனுக்கு.

நான் உள்ளதச் சொன்னேன். "அடித்தல் திருத்தல் செல்லாது"ன்னேன். சாமுவேல்துரை சீட்ட வாங்கினான், வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுத் திருப்பித் தந்தான். "பேரு இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு. போங்க சார்"னான். விதிய அவன் மீறினது எனக்கு வருத்தந்தான். ஆனா பின்னால தள்ளுதாவ, நான் உள்ள போயிட்டேன். உக்காந்தேன், சாப்பிட்டேன். கறி நல்லாத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியல.

பசியில்லன்னுதான சொன்னான், அதனால அது ஒண்ணும் பெரிய காரியம் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். பசியில்லாதவன் சீட்ட யாருக்குக் குடுத்தா என்ன? கைகழுவிட்டு, சும்மா, அடுப்ப ஒரு பார்வை பாக்கலாம்னு பொறத்தால போனேன். ஆளக் காணல. தங்கப்பழத்துகிட்ட கேட்டா, "அவன் காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல சார். அசனத்தன்னைக்கு சாப்பிட்டுட்டு வேலை பாக்க மாட்டான், பந்தியில உக்காந்துதான் கை நனைப்பேன்னு சொல்லுவான். இப்பந்தான் பஸ்சுக்குப் போயிட்டான்"னாரு. "நீரு ஒரு இலை போட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?"ன்னேன். "ஒரு சீட்டுக்கு ஒரு இலை சார்"னாரு. ஊருல ஒருத்தன் பாக்கியில்லாம என் விதிய மனப்பாடம் பண்ணி வச்சிருக்கானுவ.

அதுக்கு மேல கேளுங்க. நான் அங்க நிக்கையிலயே ஐயர் வாசலுக்குப் போயி, "சீட்டு இல்லாதவங்க எல்லாரும் வாங்க"ன்னு கூப்பிட்டுட்டாவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சோத்துக்கு எங்க போவன்னு பாத்தா, தங்கப்பழம் தென்னங்கீத்த ஒதுக்குதாரு, அந்தால ரெண்டு அண்டா. எனக்குத் தெரியாம, ஐயரும் அவருமாப் பேசி வச்சு ஆக்கியிருக்காவ. "நான் சீட்டுக்கு ஆக்கிப் பழகல சார், ஊருக்குத்தான் ஆக்கிப் பழக்கம்"ங்காரு. என் ரெண்டு வார வேலை, தம்பி. ஒரு வார்த்த சொல்லல.

கோவத்துல நான் ஐயர்கிட்டயே போயிக் கேட்டேன். "வாசல்ல இன்னும் அரைமணி நேரம் நின்னிருந்தா நானும் சீட்டு இல்லாமலே உள்ள போயிருப்பேம்லா? அவனும் சாப்பிட்டிருப்பாம்லா? அப்பம் அவன் சீட்ட எனக்கு விட்டுக் குடுத்தது..." அப்படின்னு ஆரம்பிச்சேன். வீண்தானேன்னு கேக்கணும். வாய் வரைக்கும் வந்துட்டு. அந்த வார்த்த வெளிய வரல தம்பி. ஏன்னு எனக்குத் தெரியல. நான் "சரி, பாப்போம்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அப்பறம் ஜெயசீலி இந்தத் தூக்குச்சட்டியக் கொண்டு வந்து தங்கப்பழத்துகிட்ட நீட்டினா. அவரு அடியில இருந்து நல்ல கறியா அள்ளி வச்சாரு. அவ அத மூடி என் கையில குடுத்து, பஸ் வருது போங்கன்னா.

மன்னிக்கப் போறேன்னு நெனைக்காதிய. அவனுக்கு உள்ள பங்கு எங்கிட்ட நிக்கி, அதக் கொண்டு குடுக்கணும். அம்புட்டுத்தான். "உன் பங்கு"ன்னு சொல்லி வாசல்ல வச்சிட்டு, இதே பஸ்சுல திரும்பிருவேன். முத்துலட்சுமி உள்ள வாங்கன்னு கூப்பிட்டா என்ன செய்ய, அதான் எனக்கு ஓடல. அவ முகத்த நான் நேராப் பாத்ததே இல்ல.

சரி, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. கண்டக்டர் எதுக்குச் சிரிக்காருன்னு கேட்டியல்லா? நீங்க கேக்கலயோ, நான்தான் சொன்னேனோ. ரெண்டு மணிக்கு எங்க ஊர்ல ஏறினேன். தேரிவிளை விலக்கு வந்துச்சு, பஸ் நின்னுச்சு, எனக்கு எந்திரிக்க முடியல. உடன்குடி வரைக்கும் போயிட்டேன். அங்க டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்தேன். விலக்கு வந்துச்சு, அந்த மனுசன் எனக்காகவே நிறுத்தினாரு, நான் செருப்பப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். சாத்தான்குளம் வந்துட்டு. இப்பத் திரும்பப் போறேன். இது மூணாவது தடவை. இதுக்கு மேல கறி தாங்காது.

அந்தா, ஆலமரம் தெரியுதுல்லா, அதான் விலக்கு. விசில் ஊதிட்டாரு பாருங்க, நான் சொல்லாமலே. தம்பி, இந்தக் கம்பியக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதேன். இல்ல இல்ல, சட்டிய நானே பிடிச்சுக்கிடுவேன். எந்திரிச்சிட்டேன்.

தம்பி, அந்தச் சத்தம் எங்க இருந்து வருது? மூடியா? ஆமா, சட்டி மூடிதான் ஆடுது. ரோடு இல்ல. பஸ்சு நின்னுட்டுல்லா.

அன்னைக்கு அவன் கையில பாட்டுப் புஸ்தகமும் இப்படித்தான் ஆடுச்சு. நான் அதத் திமிருன்னுல்லா பத்தொம்பது வருசமாச் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்.

கண்டக்டர், விசில் குடுத்துராதிய. ஆள் எறங்குது.